மருமகளுக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டம்

மாட்ரிட் நகரின் தைசென்-போர்னெமிசா அருங்காட்சியகத்தில் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. மரப்பலகையில் தீட்டியது, உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 49. பக்கவாட்டு முகம், நீளமான கழுத்து, இழுத்துக் கட்டிய பொன்னிறக் கூந்தல். பெயர் ஜொவான்னா தெலி அல்பிட்சி. வரைந்தவர் பிளாரன்ஸ் நகரத்து தொமெனிக்கோ கிர்லாந்தாயோ. படத்திலேயே 1488 என்று ரோம எண்களில் எழுதியிருக்கிறது. அந்த வருடம் அக்டோபரில், இரண்டாவது முறை கருவுற்றிருந்தபோது, ஜொவான்னா இறந்துபோனாள். 20 வயது நிரம்பவில்லை.

இணையத்தில் இந்தப் படம் ‘மறுமலர்ச்சிக் கால அழகி’ என்ற ரீதியில் சுற்றுகிறது. அழகிதான், மறுக்கவில்லை. முகத்தைப் பார்த்து முடித்தபின் சுற்றியிருப்பதையும் கொஞ்சம் பாருங்கள். கழுத்தில் பட்டுக் கயிற்றில் கோத்த பதக்கம், அதன் அடியில் முத்துகள். பின்னால் சுவர் மாடத்தில் டிராகன் உருவம் பதித்த இன்னொரு நகை. அந்தப் பக்கம் ஒரு ஜெபப் புத்தகம், அதற்கு மேல் தொங்கும் பவள மணிமாலை. நடுவில் ஒட்டிவைத்தாற்போல ஒரு துண்டுக் காகிதம். அதில் ரோமக் கவிஞர் மார்ஷியலின் இரண்டு வரிகள் உள்ளன. கலையே, குணத்தையும் மனத்தையும் உன்னால் தீட்ட முடிந்திருந்தால் இந்த மண்ணில் இதைவிட அழகான படம் இருந்திருக்காது என்பது பொருள். மார்ஷியல் இதை எழுதியது ஓர் ஆணின் படத்தைப் பற்றி. 1400 வருடம் கழித்து அது இறந்த ஒரு மனைவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட என் கண் போய் நிற்பது அவளுடைய சரிகை மேலாடையில். அதில் எல் என்ற எழுத்தும் வைரக்கல் வடிவமும் நெய்யப்பட்டிருக்கின்றன. எல் என்பது கணவன் லொரென்சோவின் முதல் எழுத்து. வைரம் அவன் பிறந்த தோர்னபுவோனி குடும்பத்தின் சின்னம். அவள் பிறந்த அல்பிட்சி வீட்டின் அடையாளம் ஒன்றும் உடம்பில் இல்லை.

அல்பிட்சி என்பது சாதாரணப் பெயரும் இல்லை. 1433இல் ரினால்தோ தெலி அல்பிட்சியின் கட்சிதான், பின்னாளில் நகரையே ஆட்டிவைத்த வங்கிக் குடும்பத்தின் தலைவர் கோசிமோ மெடிச்சியை பிளாரன்ஸை விட்டு வெளியேற்றியது. அடுத்த ஆண்டே கோசிமோ திரும்பி வந்தார், அல்பிட்சிகள் வெளியே போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1486இல், அதே அல்பிட்சி வீட்டுப் பெண் மெடிச்சிகளின் நெருங்கிய சொந்தத்தில் வாழ்க்கைப்படுகிறாள். மாமனார் ஜொவான்னி தோர்னபுவோனி ரோம் நகரில் மெடிச்சி வங்கிக் கிளையை நடத்தியவர். அவருடைய அக்கா லுக்ரேசியாவின் மகன்தான் ‘மகத்தான’ லொரென்சோ தெ மெடிச்சி. ஆக, மாப்பிள்ளைக்கு அன்றைய பிளாரன்ஸின் முடிசூடா மன்னர் அத்தை மகன். இந்தக் கல்யாணத்தை ஒரு சமாதான ஒப்பந்தம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு சான்று போதும். 1425இல் பிளாரன்ஸ் அரசே ஒரு வரதட்சணை நிதியம் தொடங்கியது. பெண் சிறுமியாக இருக்கும்போதே அப்பா அதில் ஒரு தொகையைப் போட்டுவைப்பார். ஏழரை வருடமோ பதினைந்து வருடமோ கழித்துக் கல்யாணத்தின்போது வளர்ந்த தொகை மாப்பிள்ளை கைக்குப் போகும். தொடக்க காலத்தில், பெண் இடையில் இறந்துவிட்டால் போட்ட பணமும் போனதுதான். அரசுக்குப் போர்ச் செலவு, அப்பாக்களுக்குப் பெண்கவலை. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் சந்தித்தன.

1447இல் அலெஸ்ஸாந்த்ரா ஸ்த்ரோட்சி என்ற விதவைத் தாய், நேப்பிள்ஸில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. மகள் கதெரினாவைப் பட்டு வணிகர் வீட்டுப் பையனுக்கு நிச்சயம் செய்திருக்கிறாள். வரதட்சணை 1000 ஃபுளோரின், அதாவது அந்த ஊர்ப் பொற்காசு. இன்னும் உயர்ந்த இடம் பார்த்திருந்தால் 1400, 1500 கேட்டிருப்பார்கள், குடும்பமே முழுகிப்போயிருக்கும் என்று கணக்குச் சொல்கிறாள். அப்புறம் பெருமை தாங்காமல் இன்னொன்றையும் சொல்கிறாள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் துணிமணி எடுத்துக்கொண்டே இருக்கிறான், அவள் வெளியே போகும்போது உடம்பின்மேல் 400 ஃபுளோரினுக்கு மேல் இருக்கும் என்று. வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அம்மாக்கள் எங்கேயும் அம்மாக்கள்தான்.

ஆனால் அந்த 400 ஃபுளோரின் கதெரினாவுக்குச் சொந்தமா என்றால், இல்லை. மாப்பிள்ளை வீடு போடும் நகையும் பட்டும் மாப்பிள்ளை வீட்டுச் சொத்தாகவே இருந்தன. சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கிப் போடுவதும், சடங்குகள் முடிந்தபின் திரும்ப வாங்கிக்கொள்வதும், நெருக்கடியில் விற்பதும் சகஜம். நகர நிர்வாகம் வேறு, யார் எவ்வளவு முத்து அணியலாம், எத்தனை வருடம் அணியலாம் என்று ஆடம்பரத் தடைச் சட்டங்கள் போட்டுக்கொண்டே இருந்தது. படத்தில் இருக்கும் முத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கழற்றி வாங்க முடியாது, வயதும் ஆகாது.

15ஆம் நூற்றாண்டு பிளாரன்ஸ் படங்களில் பெண்கள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நிற்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பழைய நாணயங்களின் சாயல் என்பார்கள். கற்புள்ள பெண் அந்நியனை நேராகப் பார்க்க மாட்டாள் என்ற வழக்கத்தையும் சொல்வார்கள். எனக்குப் படுவது இன்னும் சாதாரணமானது. பக்கவாட்டில் நிற்கும் பெண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தயக்கமில்லாமல் பார்க்கலாம். நெற்றிச் சரிவு, கழுத்து நகை, கைச்சட்டையின் சரிகை எல்லாம் தடையில்லாமல் கண்ணில் படும். லியொனார்தோ த வின்சி 1470களில் ஜினேவ்ரா தெ பென்ச்சி என்ற பெண்ணை நம் பக்கம் திருப்பி வரைந்தபோது அவள் உடம்பில் நகை என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

சரி, இதுவரை சொன்னதை வைத்து ஜொவான்னா படத்தை ஒரு சொத்துப் பட்டியல் என்று முடித்துவிடலாம். முடிக்கவிடாமல் தடுப்பதும் ஒரு சொத்துப் பட்டியல்தான்.

லொரென்சோ தோர்னபுவோனி 1491இல் மறுமணம் செய்துகொண்டான். இரண்டாவது மனைவி ஜினேவ்ரா ஜான்ஃபில்யாட்சி. பிள்ளைகளும் பிறந்தன. 1494இல் மெடிச்சிகள் துரத்தப்பட்டார்கள். அவர்களை மீண்டும் கொண்டுவரச் சதி செய்ததாக 1497 ஆகஸ்டில் லொரென்சோவின் தலையை வெட்டினார்கள். அனாதையான பிள்ளைகளுக்காக வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்தபோது, லொரென்சோவின் பொன்வேய்ந்த கூரை உள்ள அறையை ஒட்டி, ஜொவான்னாவின் தலையும் மார்பளவும் உள்ள படம் ஒன்று என்று குறித்தார்கள். அவள் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இன்னொரு மனைவி இருந்தாள். படத்தை யாரும் கழற்றவில்லை.

இதை அன்பு என்று சொல்லலாமா? அவள் பெற்ற முதல் மகன் அந்த வீட்டின் மூத்த வாரிசு. அவனுடைய தாய்வழிப் பெருமைக்கு அந்தப் படம் சாட்சி. ஆகவே அந்தஸ்துக் கணக்கும் அதில் உண்டு. ஆனால் அந்தஸ்துக்குக் கூடம் போதும். பெரிய சந்திப்புகள் நடக்கும் இடத்தில் மாட்டியிருக்கலாமே. தூங்கும் இடத்துப் பக்கமாக மாட்டிக்கொண்டான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெளியுலகத்துக்கு வேறு ஏற்பாடு இருந்தது. மாமனார் ஜொவான்னி 1485 செப்டம்பரில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முதன்மைச் சன்னதியை முழுக்கச் சுவரோவியத்தால் நிரப்பக் கிர்லாந்தாயோவோடு ஒப்பந்தம் போட்டார். தொகை 1100 ஃபுளோரின். கதெரினாவின் உடம்பின்மேல் நடமாடிய 400ஐ இதோடு வைத்துப் பார்த்தால் அந்த ஊரின் விலைவாசி புரியும். இறைபக்திக்காகவும், தம் இல்லமும் குடும்பமும் உயர்வு பெறுவதற்காகவும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். மறைக்கவே இல்லை, அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. செக்கரியாவுக்குத் தேவதூதர் தோன்றும் காட்சியில் தோர்னபுவோனி ஆண்களும் அவர்களுடைய பங்காளிகளும் நண்பர்களுமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். தேவதூதரை ஒருவரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. மரியாள் எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சியில் ஜொவான்னா முழு உருவமாக நிற்கிறாள். அதே பக்கவாட்டு முகம், அதே சரிகை உடை. 1490இல் சன்னதி திறந்தபோது ஊரே வந்து பார்த்த ஜொவான்னா இவள்தான்.

மாமனாருக்கும் இந்தத் துக்கம் புதிதல்ல. அவருடைய மனைவி பிரான்செஸ்கா பித்தி 1477இல் ரோமில் பிரசவத்தில் இறந்தாள், குழந்தையையும் இறந்தேதான் எடுத்தார்கள். அன்று அக்கா மகனுக்கு, அதாவது லொரென்சோ தெ மெடிச்சிக்கு, அவர் எழுதிய கடிதத்தில் வங்கியாளர் தொனியே இல்லை. மாமியாரும் மருமகளும் ஒரே விதமாகப் போன வீடு அது.

ஒரு பக்கக் கதை. இந்தப் படத்தை 1907இல் அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கன் வாங்கித் தன் நூலகத்தில் வைத்திருந்தார். அவருடைய முதல் மனைவி 1861இல் கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே காசநோயில் இறந்தவர். அதனால்தான் வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தப் படத்தோடு நெடுநாள் பழகிய பிறகு, மறுமலர்ச்சிக் காலக் குடும்பப் படங்கள் எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான் முதலில் வருகிறது. இதில் இருக்கும் பெண் இந்த வீட்டுக்கு வந்தவளா, இந்த வீட்டில் பிறந்தவளா? பெரும்பாலும் வந்தவள்தான். வீட்டுக்குள் வரும் பெண்ணுக்குப் படம் உண்டு. அவளோடு வரதட்சணையும் சொந்தபந்தமும் வாரிசும் வருகின்றன. வீட்டை விட்டுப் போகும் பெண்ணுக்காக எந்த அப்பாவும் ஓவியருக்குப் பணம் கொடுக்க அவசரப்படவில்லை, ஏற்கனவே நிதியத்தில் கொடுத்தாகிவிட்டது. மகள்கள் அறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அதே சாந்தா மரியா நொவெல்லா சுவரில், மரியாள் பிறக்கும் காட்சியில், ஜொவான்னி தம் மகள் லுதோவிகாவை நிறுத்தியிருக்கிறார். ஆனால் மகள் படத்துக்குள் வரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

வந்தவளுக்குக் கிடைத்த மரியாதையின் உச்சம் உர்பினோ என்ற இத்தாலியச் சிற்றரசுக்கு உரியது, இன்று அது பிளாரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பியெரோ தெல்லா பிரான்செஸ்கா 1473க்கும் 1475க்கும் இடையில் தீட்டிய இரட்டைப் பலகை. வலப்பக்கம் உர்பினோவின் ஆட்சியாளர் ஃபெதெரிகோ த மொந்தெஃபெல்த்ரோ, இடப்பக்கம் மனைவி பத்திஸ்தா ஸ்போர்ட்சா. கணவன் இடப்பக்கம் இருப்பதுதான் வழக்கம். ஆனால் ஃபெதெரிகோவின் வலக்கண் 1450இல் ஒரு குதிரைப் போட்டியில் போய்விட்டது. அதனால் இடக்கன்னம் மட்டும் தெரியும்படி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார். மூக்குத் தண்டில் இருக்கும் பள்ளத்தை மட்டும் ஓவியர் அப்படியே விட்டுவிட்டார்.

பத்திஸ்தாவுக்குக் கல்யாணம் 1460இல், பதினாலு வயதுகூட நிறைந்திருக்காது. கணவருக்குக் கிட்டத்தட்ட நாற்பது. அவர் ஊருக்கு ஊர் போர்த்தொழில் செய்து சம்பாதிக்கும் கூலிப்படைத் தலைவர். அவர் இல்லாதபோது உர்பினோவை ஆண்டவள் இவள். பெண்குழந்தைகளாகவே பெற்று, 1472 ஜனவரியில் ஒருவழியாக மகன் குய்தோபால்தோ பிறந்தான். அதே வருடம் ஜூலையில் பத்திஸ்தா இறந்தாள். படத்தில் முகம் வெளுத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பின்பக்கத்தில் இருவருக்கும் தனித்தனி வெற்றி ரதங்கள், அவளுடையதை ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இழுக்கின்றன. கீழே உள்ள செய்யுள் அவளை மறைந்தவளாகவே பேசுகிறது. ஃபெதெரிகோ அதற்குப் பிறகு பத்து வருடம் உயிரோடிருந்தார், மறுமணம் செய்யவில்லை.

அந்த மகனுக்கும் ஒரு படம் உண்டு. உர்பினோ அரண்மனையில் இருக்கும் அதில் அப்பா முழுக் கவசம் அணிந்தபடி ஒரு பெரிய புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்து படிக்கும்போது யார் கவசம் போடுவார்கள் என்று கேட்கக் கூடாது. 1474இல் போப் கொடுத்த கோமகன் பட்டம், அதே வருடம் இங்கிலாந்து மன்னர் கொடுத்த கார்ட்டர் விருது, எல்லாவற்றையும் ஒரே பலகையில் காட்டியாக வேண்டும். முழங்காலருகில் சின்னப் பையன், உடையெல்லாம் முத்து, கையில் செங்கோல். முறைதவறிப் பிறந்து, மாற்றாந்தாய் பெற்ற தம்பி கொலையுண்ட பிறகு ஆட்சிக்கு வந்தவர் ஃபெதெரிகோ. தம் வம்சம் உறுதிப்பட்டுவிட்டது என்று ஊருக்குச் சொல்லும் படம் இது. குய்தோபால்தோவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. 1508இல் அவனோடு மொந்தெஃபெல்த்ரோ ஆண்வழி முடிந்து, ஆட்சி சகோதரி மகனுக்குப் போனது. பெண்குழந்தைகளாகவே பெற்றாள் என்று மேலே எழுதினேனே, அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகன்தான் அவன்.

மாந்துவா நகரில் ஓவியர் மான்தெஞா 1474இல் முடித்த, அந்த ஊரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் சுவரோவியத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். ஒரு வம்பு மட்டும் இங்கே. லுதோவிகோ கொன்சாகாவின் மகள் சூசன்னாவுக்கும் மிலான் வாரிசு கலெயாட்சோ ஸ்போர்ட்சாவுக்கும் நிச்சயமாகியிருந்தது. கொன்சாகா வம்சத்துக் கூன் அவளுக்கு வந்ததால் அது முறிந்தது. பதிலுக்குத் தங்கை தொரொதேயாவைப் பேசினார்கள். மிலான்காரர்கள் இழுத்தடித்தார்கள், அவள் 1467இல் இறந்தே போனாள். கலெயாட்சோ வேறிடத்தில் பெண் எடுத்தார். பிறகு சுவரோவியம் முடிந்ததும், பேரரசரையும் டென்மார்க் மன்னரையும் வரைந்திருக்கிறார்களாம், என்னை மட்டும் விட்டுவிட்டார்களாம் என்று அதே கலெயாட்சோ குறைபட்டுக்கொண்டாராம். டென்மார்க் மன்னர் சேர்ந்ததற்குக் காரணம், அவர் லுதோவிகோவின் சகலை. பெண்ணை வேண்டாம் என்றவருக்குச் சுவரில் இடம் கேட்கும் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

மகள்களை முழுக்க வெளியே நிறுத்திய படம் வெனிஸில் பிறந்தது, இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓவியர் திஷியன் 1540களில் தொடங்கிய ‘வெந்த்ராமின் குடும்பம்’. கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலத் துணி. படிக்கட்டின் மேல் பீடம், அதில் ஒரு சிலுவைப் பேழை, காற்றில் சாயும் மெழுகுவர்த்தி. சகோதரர்கள் கப்ரியேலேவும் அந்த்ரேயாவும், அந்த்ரேயாவின் ஏழு மகன்களும் வணங்கி நிற்கிறார்கள். பேழைக்குள் ஏசுவின் சிலுவை மரத்துண்டு இருப்பதாக நம்பிக்கை. 14ஆம் நூற்றாண்டில் இவர்களுடைய மூதாதை ஒருவர் பொறுப்பில் அது இருந்தது. ஊர்வலத்தில் கால்வாய்க்குள் விழுந்து மூழ்காமல் மிதந்ததாம், வேறு யார் கைக்கும் சிக்காமல் அவர் குதித்தபோது மட்டும் சிக்கியதாம். அப்படிப்பட்ட பெருமையைக் கொண்டாடும் படத்தில் அந்த்ரேயாவின் மனைவியும் இல்லை, பெண்மக்களில் ஒருத்திகூட இல்லை. ஒரு சிறுவன் மடியில் வைத்திருக்கும் நாய்க்குட்டிக்கு இடம் இருக்கிறது.

கோபப்பட்டு என்ன பயன்? அந்தப் பெண்கள் வேறு வீடுகளின் சுவர்களில் மருமகள்களாக மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது கன்னிமாடத்துக்குப் போயிருக்கலாம். திஷியனுக்கு அந்தப் படம் கைவந்த விதத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் சிலுவையைப் பார்க்கிறார்கள், பையன்கள் எப்போது முடியும் என்று நிற்கிறார்கள்.

மகள்கள் தனியாக வரும் படங்களில் இரண்டு எப்போதும் ஞாபகத்தில் நிற்கின்றன. ஒன்று பிளாரன்ஸ் கோமகன் முதலாம் கோசிமோவுக்கு (மேலே வந்த கோசிமோ வேறு) திருமணத்துக்கு முன் பிறந்த பியா. ஐந்து வயது வாக்கில், 1542இல் காய்ச்சலில் இறந்த குழந்தை. ப்ரொன்ட்சீனோ வரைந்த படத்தில் வெள்ளைப் பட்டும் முத்துமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கழுத்துச் சங்கிலியில் அப்பாவின் முகம் பதித்த பதக்கம். அம்மா யாரென்று எங்கும் பதியவில்லை, அதனால் அப்பா பெயர் நெஞ்சிலேயே தொங்குகிறது. இன்னொன்று டென்மார்க் இளவரசி கிறிஸ்டினா. ஹோல்பைன் 1538 மார்ச் 12 அன்று ப்ரஸ்ஸல்ஸில் மூன்று மணி நேரம் அவளைப் பார்த்து வரைந்துகொண்டு போனார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பெண் பார்க்கும் படம் அது. பதினாறு வயது விதவை, கறுப்பு உடை, நம்மை நேராகப் பார்க்கிறாள். ஹென்றிக்குப் படம் மிகவும் பிடித்துப்போனது, கல்யாணம் நடக்கவில்லை. தப்பித்தாள்.

அதே ஹோல்பைன் பத்து வருடம் முன்பு லண்டனில் அறிஞர் தாமஸ் மோர் குடும்பத்தை வரைந்தபோது மகள்களை முன்வரிசையில், கையில் புத்தகத்தோடு உட்காரவைத்தார். மோர் தம் மகள்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். எனவே அந்த வீட்டில் படித்த மகள்தான் அந்தஸ்து. பெரிய ஓவியம் 1752இல் தீயில் போய்விட்டது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருக்கும் கோட்டோவியம் மட்டும் மிச்சம், ஒவ்வொருவர் பக்கத்திலும் பெயரும் வயதும் எழுதியது. அதை மோரின் நண்பரான அறிஞர் எராஸ்மஸுக்கு அனுப்பினார்கள். எல்லாரையும் அடையாளம் தெரிந்தது, உன்னை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தது என்று அவர் மூத்த மகள் மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதினார்.

சொந்தக் குடும்பத்தை ஹோல்பைன் வரைந்த படமும் பாசெலில்தான் இருக்கிறது, 1528-29 வாக்கில் தீட்டியது. மனைவி எல்ஸ்பெத், இரண்டு குழந்தைகள். காகிதத்தில் வரைந்து பிறகு உருவத்தின் ஓரமாகவே வெட்டிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நகையில்லை, சின்னமில்லை, பின்னணியில் மாடமில்லை. களைத்த கண்கள், மகளின் தலைக்கு மேல் எங்கோ பார்வை. 1532இல் கணவர் மறுபடி இங்கிலாந்து போனார். 1543இல் அங்கேயே இறந்தார், உயில் அங்கே பிறந்த வேறு இரண்டு குழந்தைகளுக்கு. காட்டிக்கொள்ள வேண்டிய அந்தஸ்து எதுவும் இல்லாத இந்தப் படத்தில்தான் ஒரு வீடு எப்படி இருந்திருக்கும் என்பது தெரிகிறது. அவருக்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை போலும்.

இனி க்ரெமோனா. வடக்கு இத்தாலியில், மிலானுக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். அமில்காரே ஆங்குயிசோலா அங்கே ஒரு சின்னப் பிரபு. பெயர் பெரிது, வசதி அப்படியொன்றும் இல்லை. ஆறு பெண்கள், ஒரே பையன். ஆறு வரதட்சணை. அவர் செய்தது அந்தக் காலத்துக்கு விசித்திரமான காரியம். மூத்தவள் சோஃபோனிஸ்பாவையும் அடுத்தவள் எலேனாவையும் ஓர் ஓவியரிடம் படிக்க அனுப்பினார். பிரபு வீட்டுப் பெண்கள் சித்திரம் பழகலாம், பட்டறைக்குப் போய்த் தொழிலாகக் கற்பது நடக்காத ஒன்று. பிறகு அவள் வரைந்தவற்றை இத்தாலி முழுக்க அறிமுகம் செய்துவைத்தார். மைக்கேலாஞ்சலோவுக்கே கடிதம் எழுதினார். பாசமா, சாமர்த்தியமா? ஆறு பெண்ணைப் பெற்றவர் இரண்டையும் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

1555இல் சோஃபோனிஸ்பா தங்கைகள் சதுரங்கம் ஆடுவதை வரைந்தாள். இன்று போலந்தின் போஸ்னான் நகரில் இருக்கிறது. சரிகைப் பட்டு, முத்து, மேசைமேல் விலையுயர்ந்த கம்பளம், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் லூச்சியா ஒரு காயை நகர்த்திவிட்டு நிமிர்ந்து நம்மை, அதாவது வரைந்துகொண்டிருக்கும் அக்காவை, பார்க்கிறாள். எதிரே உள்ளவள் கையைத் தூக்கி ஏதோ சொல்லவருகிறாள். நடுவில் சின்னவள் எவ்ரோப்பா, அக்கா தோற்கப்போவதைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். ஓரத்தில் வீட்டு வேலைக்காரம்மா. பலகை விளிம்பில் எழுதியிருக்கிறது: அமில்காரேயின் மகள், கன்னி சோஃபோனிஸ்பா, தன் மூன்று தங்கைகளையும் பணிப்பெண்ணையும் நேரில் பார்த்து வரைந்தாள். இங்கே எந்தப் பெண்ணும் யாருக்கும் மனைவியாகவில்லை, யாருக்கும் தாயுமில்லை. மகள்கள், அவ்வளவுதான். 1566இல் அந்த வீட்டுக்கு வந்த, ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி இதைப் பார்த்துவிட்டு, பேச்சு ஒன்றுதான் குறை என்று எழுதினார்.

ஆனால் அவள் எனக்கு அதைவிட நெருக்கமாவது இன்னொரு படத்தில். 1557-58 வாக்கில் அப்பாவையும் தங்கை மினெர்வாவையும் தம்பி அஸ்த்ரூபாலேவையும் வரைந்தாள். டென்மார்க்கின் நிவோகார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, முழுக்க முடிக்கப்படாதது. நடுவில் அப்பா. ஒரு கை பையனை அணைத்திருக்கிறது, இன்னொன்று அவன் கையைப் பிடித்திருக்கிறது. பையன் அண்ணாந்து அப்பாவைப் பார்க்கிறான், அப்பா நம்மைப் பார்க்கிறார். மினெர்வா ஒரு பக்கம், கையில் பூக்களோடு, அந்த அணைப்புக்கு வெளியே நிற்கிறாள். அவள் பார்ப்பது தம்பியை. வாரிசு யார் என்பதை வேறெந்தக் கூலி ஓவியரும் இவ்வளவு தெளிவாக வரைந்திருக்க முடியாது. வரைந்தவள் அதே வீட்டின் மூத்த மகள். தூரிகையோடு எதிரே உட்கார்ந்து, அப்பாவின் கை எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகப் பார்த்திருக்கிறாள். கசப்பு தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி வைத்துவிட்டு, மினெர்வாவின் முகத்துக்கும் அதே அளவு உழைத்திருக்கிறாள்.

1559இல் ஸ்பெயின் அரசவையிலிருந்து அழைப்பு வந்தது. ராணி இசபெல்லுக்கு ஓவியம் கற்பிக்கும் தோழியாகப் போனாள். அந்தச் சேவைக்காக மன்னர் இரண்டாம் பிலிப் அவள் அப்பாவுக்கு ஓர் ஓய்வூதியம் ஒதுக்கினார். 1573இல் சிசிலிப் பிரபு ஒருவரோடு கல்யாணம் ஆனபோது வரதட்சணையும் அரசரே கொடுத்தார். கணவர் இறந்த பிறகு, ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பல் தலைவர் ஒராட்சியோ லொமெல்லீனோவைத் தானே தேர்ந்தெடுத்து மணந்துகொண்டாள். தம்பி அஸ்த்ரூபாலேவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

1624 ஜூலையில் பலெர்மோவில் ஓர் இளம் பிளெமிஷ் ஓவியர் அவளைப் பார்க்க வந்தார். ஆந்தனி வான் டைக். கண் மங்கிப்போன கிழவியைத் தன் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, வயது 96 என்று எழுதினார். கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டார், தொண்ணூறை ஒட்டித்தான் இருக்கும். நினைவு கூர்மையாக இருந்ததாம். தன்னை வரையும்போது வெளிச்சத்தை ரொம்ப மேலேயிருந்து விடாதே, சுருக்கங்களின் நிழல் பெரிதாக விழும் என்று சொல்லிக்கொடுத்தாளாம். வான் டைக் பிற்பாடு லண்டனில் பணக்காரராகி, ஆங்கிலப் பிரபுக்களைக் குடும்பம் குடும்பமாக வரைந்து தள்ளினார். திஷியனை வெறியோடு சேகரித்தார். ஏழு மகன்களும் ஒரு நாய்க்குட்டியும் உள்ள அந்த வெந்த்ராமின் படம் 1641இல் அவர் சாகும்போது அவர் வீட்டில்தான் இருந்தது.